யார் சொன்னது என்று கேட்டவளுக்கு

கல்லறைத் திருநாள் வருகிறது. உன் சிலுவைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும், துணைக்கு வா என்று நேற்று உன் அம்மா கூப்பிட்டார்கள். போனேன். டப்பாவைத் திறந்ததுமே ஒரு நெடி மூக்கில் ஏறியது. ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டுவோமே, அந்தப் பசையின் நெடி அப்படியே. பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருந்தது. உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஆரணியிலிருந்து செய்யாறு போகும் கம்பெனி பஸ்ஸில் நீயும் நானும் ஒரே நாளில்தான் ஏறினோம். ஒட்டும் செக்ஷனில் நெடியை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன்கள் இருந்தன. வெளிநாட்டுக்கு ஷூ வாங்குகிறவர்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் அவை சுற்றும். மற்ற நாளில் நிறுத்திவிடுவார்கள், கரண்ட் மிச்சம். நாங்கள் எல்லோரும் தலைவலி என்று புலம்பியதோடு சரி. நீ நேராக மேனேஜரிடம் போனாய். நான் உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

"ஃபேன ஏன் சார் நிறுத்தி வெச்சிகினு இருக்கீங்க?"

"கம்பெனி சொல்லியிருக்குதும்மா."

"கம்பெனின்னா யாருங்க? பேர சொல்லுங்க, நானே போய்க் கேட்டுக்கிறேன்."

அவர் சிரித்தார். கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் விளக்கினார். "கம்பெனின்றது ஒரு மெஷின் மாதிரிம்மா. லாபம் பண்றதுக்குன்னே செஞ்ச மெஷின். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. என்னையும் சேத்துதான் அது ஓட்டுது."

நீ விடுவாயா? "எங்க வீட்ல தறி இருக்குது சார். அதுவும் புடவை நெய்யறதுக்குன்னே செஞ்ச மெஷின்தான். புடவைல பழுது வந்தா தறி மேல பழிய போட முடியுமா? ஆரணில ஒருத்தர் ஒத்துக்க மாட்டாங்க. நெய்தது யாருன்னுதான் கேப்பாங்க."

அன்று மாலைவரை ஃபேன் ஓடியது. மறுநாள் நின்றது. நீ மறுபடியும் போனாய். உன் தலையைப் பார்த்தாலே "பேஜாரு வந்துட்டுது" என்பார் அவர். பிறகு டெங்கு வந்து ஒரே வாரத்தில் உன்னைக் கொண்டுபோனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ போனபின் கேட்க ஆளில்லை, ஃபேனும் ஓடவில்லை. என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பார்வையிட வந்தார்கள். "ஃபேன் எப்பவும் ஓடுதுன்னு சொல்லணும், கம்பெனி ஆர்டர்" என்று மேனேஜர் முதல் நாளே எங்களைக் கூட்டிச் சொல்லியிருந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது, உனக்குத் தெரியும். வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒரு பெண் நேராக என்னிடமே கேட்டாள். "நீங்க வர்ற அன்னிக்கு மட்டும்தாங்க ஓடும்" என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "உன்ன சூப்பர்வைசர் வேலைலேர்ந்து எடுத்துட்டாங்க. திங்கக்கெழமலேர்ந்து பழையபடி பசை ஒட்டு."

"யாரு சார் எடுத்தது?"

"கம்பெனிதான்."

"பேர சொல்லுங்க சார். அதுவரைக்கும் இங்கியே நிக்கிறேன்."

மேசைமேல் இருந்த பேப்பர்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். கடைசியில், "நான்தாம்மா எடுத்தேன். போதுமா?" என்றார்.

அடியே, கேட்டாயா! இத்தனை வருடத்தில் அந்தக் கட்டிடத்தில் ஒரு மனிதர் 'நான்' என்றார். மெஷினோடு மல்லுக்கட்ட எனக்குத் தெரியாது. மனிதரோடு தெரியும்.

இன்று திங்கட்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் அறைக்குத்தான் போனேன். "என்னை எடுத்தது நீங்கன்னா, ஃபேன நிறுத்துனதும் நீங்கதான சார்? போட்டு விடுங்க."

முறைத்தார். பிறகு எழுந்து போய்ப் போட்டார். நாளைக்கே நிறுத்துவார், தெரியும். நானும் நாளைக்கே போய் நிற்பேன். உன் பிடிவாதத்தையும் உன்னோடு சேர்த்துப் புதைத்துவிட்டதாக அவர்கள் நினைத்திருப்பார்கள். அது என்னிடம் இருக்கிறது.