சேற்றுக் காலோடு வந்தவனுக்கு

வீடு முழுக்க பார் சோப்பு மணக்கிறது, மாப்ளே! இன்று பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், கோவிலில் சாமியார் பாதம் கழுவிவிடப்போகும் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். "காலை நல்லாத் தேச்சிக் கழுவிட்டு வாங்க, மானத்த வாங்காதீங்க" என்று கோவில் உபதேசியார் நேற்றே அதட்டிவிட்டார். என் மனைவி வெந்நீரும் சோப்பும் எடுத்து வைத்திருக்கிறாள். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கூலாய் ரப்பர் தோட்டத்தில் நாம் அடுத்தடுத்த மர நிரையில் பால் வெட்டிய வருஷம் அது. ஒரு காலையில் பக்கத்து நிரைக்காரர் காய்ச்சல் கண்டு மரத்தடியில் சுருண்டு விழுந்தார். நீ உன் மரங்களை அப்படியே விட்டுவிட்டு, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டுக்கு ஓடினாய். நான் என்ன செய்தேன்? ஆளில்லாத தைரியத்தில் ஒரு வேரில் சாய்ந்து நன்றாகத் தூங்கினேன். அன்று பால் குறைந்தது. கங்காணி பிரம்போடு வந்து காரணம் கேட்டார்.

"அவன் நிரைய விட்டுட்டுப் போயிட்டான்" என்றேன்.

என் முதுகு தப்பியது. உன்னைச் சேற்றில் நின்று வடிகான் தோண்டும் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கங்காணியை என்னைவிடச் சத்தமாகத் திட்டியவன் தோட்டத்திலேயே கிடையாது. "உலகத்துப் பாவமெல்லாம் அந்த ஆளுக்குள்ளதான் குடியிருக்கு" என்பேன். "நமக்குள்ள கொஞ்சம்கூட இல்லையா?" என்று கேட்டுவிட்டு, உன் கடுங்காப்பியில் பாதியை என் குவளையில் ஊற்றுவாய். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் வாயெடுப்பேன். உன் சிநேகம் போய்விடுமே என்ற பயத்தில் அந்தக் காப்பியோடு சேர்த்து விழுங்கிவிடுவேன்.

பிறகு வந்ததே அந்தப் பெரிய வியாழன்! அத்தாப்பு ஓலைக் கூரைக் கோவிலில் பதினொரு பேர் கால்களைத் தேய்த்து வெளுக்க வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நீ வடிகானிலிருந்து நேராக, முழங்கால் வரை சேற்றோடு வந்து எனக்கு முந்திய இடத்தில் உட்கார்ந்தாய்.

"கழுவிட்டு வரக் கூடாதா?" என்று பல்லைக் கடித்தார் உபதேசியார்.

"கழுவத்தானே ஐயா கூப்பிட்டீங்க?"

சாமியார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உன் காலைக் கழுவிய தண்ணீர் செம்மண் குழம்பாகிவிட, இன்னொரு குடம் கொண்டுவர ஆள் ஓடியது.

அடுத்தது என் கால். பளிச்சென்று இருந்த அதைப் பார்க்க எனக்கே கூசியது. எழுந்துவிட்டேன்.

"சாமி, இவன் காலுச் சேறு என்னால வந்தது. கங்காணிகிட்ட கோள் சொன்னது நான்தான்."

நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய்.

"தெரியும்லா மாப்ளே. அன்னிக்கே தெரியும். உக்காரு. சாமி முட்டி போட்டுக்கிட்டே இருக்காரு, காலை நீட்டு!"

தெரிந்துகொண்டுதான் எனக்குக் காப்பி ஊற்றினாயா? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து என்னை உலுக்கின. அன்று போல ஒரு சந்தோஷம் எனக்குத் திருமணத்தன்றுகூட இல்லை.

கங்காணி மாறவில்லை. இரண்டு வருஷத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அது ஏன் என்று நான் இன்னும் கடவுளிடம் சண்டை போடுகிறேன். ஆனால் யாரையாவது பாவி என்று சொல்ல நாக்கு எழும்போதெல்லாம் என் பளிச்சென்ற கால்தான் கண்முன் வருகிறது.

வெந்நீர் ஆறிவிட்டது. சோப்பைத் தொடவில்லை. காலையில் நல்ல மழை. வடிகான் கரைச் சேற்று வழியாகவே கோவிலுக்குப் புறப்படுகிறேன். இன்னொரு குடம் தண்ணீர் எடுத்து வைக்கட்டும்.