சுண்டுவிரல் மை

தம்மாம்
4.6.2002

அன்புத் தங்கை நிக்ஹத்துக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போலியோ மருந்துப் பெட்டியை மாட்டிக்கொண்டு நம் தெருவிலேயே சுற்றுகிறாயாம். அதைக் குடித்த பையன்களுக்கு நாளை வாரிசு இருக்காது என்று இங்கே சவூதியில் எங்கள் அறையில் ஒரே பேச்சு. மகன் என்று எனக்கு இருப்பது அர்ஸ்லான் ஒருவன்தான். போன தடவை போலவே செய்: சொட்டு வேண்டாம், கொடுத்ததற்கு அடையாளமாகச் சுண்டுவிரலில் மை மட்டும் வை. மறுத்த வீடு என்று கதவில் பெருக்கல் குறி விழுந்தால் முராதாபாத்தில் என் மானம் போய்விடும். நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை? பிள்ளைகளுக்குப் பேரீச்சை அனுப்பியிருக்கிறேன்.

உன் அண்ணன்
தஸ்லீம்

முராதாபாத்
21.6.2002

அன்புள்ள அண்ணனுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

பேரீச்சை வந்தது. பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றார்கள்.

போன தடவை நான் பொய் மை வைத்ததைப் பின்வீட்டு மைமூனா பார்த்துவிட்டாள். "உங்க அண்ணன் புள்ளைக்கு ஒரு நியாயம், எம்புள்ளைக்கு ஒரு நியாயமா?" என்றாள். அவள் மகளுக்கும் வெறும் மை வைத்தேன். அந்தப் பெண்ணுக்குப் போன மாதம் காய்ச்சல் வந்தது. இன்று இடது கால் துணி மாதிரித் தொங்குகிறது. அவள் விரலில் இருந்த மை என் கை வைத்தது அண்ணா.

இனி என் கையால் பொய் மை கிடையாது. சொட்டைத் திணிக்கவும் மாட்டேன். அண்ணியோடு இரண்டு நாள் உட்கார்ந்து பேசினேன். "எத்தனை தடவதான் ஊத்துவீங்க?" என்று கேட்டாள். வயிற்றுப்போக்கு அதிகமுள்ள ஊரில் ஒரு தடவையில் மருந்து பிடிக்காது என்றேன். வாரிசு பற்றியும் கேட்டாள். சொட்டில் அப்படி எதுவும் இல்லை, என் மூன்று பிள்ளைகளுக்கும் அதைத்தான் ஊற்றினேன் என்றேன். எனக்குத் தெரியாததை டாக்டரிடம் கேட்டு வந்து சொன்னேன். நீங்களும் கேளுங்கள், எழுதுகிறேன். வேண்டாம் என்று நீங்கள் இருவரும் சொன்னால் வேண்டாம் என்றே பதிவேட்டில் எழுதுவேன், குறியும் போடுவேன்.

நிக்ஹத்

தம்மாம்
6.7.2002

நிக்ஹத்,

நீ எனக்குத் தங்கையா, சர்க்காருக்குத் தங்கையா? கேள்வியும் வேண்டாம், பதிலும் வேண்டாம். என் கதவில் குறி போட்டால் அப்புறம் என் வாசற்படியை மிதிக்காதே.

தஸ்லீம்

முராதாபாத்
25.7.2002

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஞாயிறு காலை உங்கள் கதவில் நானே சுண்ணக்கட்டியால் பெருக்கல் குறி போட்டேன். தெருவே பார்த்தது.

பக்கத்துக் கதவுக்குப் போவதற்குள் அண்ணி கூப்பிட்டாள். மைமூனா வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"அந்த மைய வச்சது நீதானாமே?"

"நான்தான் அண்ணி."

திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் திட்டவில்லை.

"அவரு அங்கேருந்து கோவிச்சுக்கட்டும். இங்க புள்ளையத் தூக்கிச் சுமக்கப்போறவ நான். கேக்க வேண்டியதெல்லாம் உங்கிட்ட கேட்டாச்சு. ஊத்து!"

ஊற்றினேன். அர்ஸ்லான் முகத்தைச் சுளித்து விழுங்கினான். மையும் வைத்தேன், இந்தத் தடவை மெய் மை. கதவிலிருந்த குறியை அண்ணியே முந்தானையால் அழித்தாள்.

உங்கள் பேச்சை நான் மீறவில்லை. வாசற்படியை மிதிக்காமல் தெருவில் நின்றுதான் கொடுத்தேன். அடுத்த மாதமும் வருவேன். அண்ணி பிள்ளையோடு வெளியே வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

தங்கை
நிக்ஹத்