வெறுமையாய்த் திரும்பும் பல்லக்கு

நோய் நீங்குக! நெல் விளைக! குன்றவாயில் நாட்டு அரியணையில் வீற்றிருந்து ஆளும் பூதிமாதேவி, தம் தமையனாரின் திருமகனும் நெடுந்துறை நாட்டுக் காவலருமாகிய கண்டவேள் மன்னருக்கு விடுக்கும் ஓலை. உம் ஆறு வற்றாதிருக்கவும் உம் குடிகள் பிணியின்றி வாழவும் அத்தையின் வாழ்த்து.

உம் தலைநகரில் நோயாளரைப் பேணி மருத்துவமும் கற்பிக்கும் ஆதுலர் சாலையின் தலைவர் காலமானார் என்றும், அவ்விடத்திற்குத் தக்கார் உம் நாட்டில் இல்லை என்றும், நம் அரண்மனை மருத்துவர் சேந்தனாரை அனுப்பியருள வேண்டும் என்றும் சாலைச் சபையார் எழுதிய ஓலையும், அவரை ஏற்றிவரப் பட்டு விரித்த பல்லக்கும் வந்து சேர்ந்தன. முன்னவர் நோயில் கிடந்த காலமெல்லாம் சாலையை நடத்தியவர் மருத்துவர் காடன் நங்கையார் என்பதைச் சபையார் மறைக்கவில்லை. ஆயினும் பெண் தலைமை ஏற்றால் சாலை நிலைக்காது என்றும், அவரைத் தலைமையில் அமர்த்திவிட்டால் நோயாளரை யார் பார்ப்பது என்றும் எழுதியிருந்தனர். மருமகனாரே, யாருக்கு எழுதுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை! அரியணையில் இருந்தபடியே அதைப் படிக்கக் கேட்டோம். நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சினம் மூண்டது.

சேந்தனாரை அழைத்து வினவினோம். தம் விரலைப் பிடித்து நாடி பார்க்கக் கற்பித்தவரே நங்கையார் என்றும், ஆசிரியர் நிற்கும் கூடத்தில் தாம் அமர ஒண்ணாது என்றும் கைகூப்பி மறுத்தார். மருந்தரைக்கும் கல்லருகிலும் நோயாளர் கட்டிலருகிலும் பெண்கள் நிறைந்திருக்க, சபை இருக்கைகளில் ஒருத்தியும் இல்லை என்றும் அவரே சொன்னார்.

உள்ளதைச் சொல்கிறோம், நங்கையாரை நம் நாட்டுக்கே அழைத்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பிப் பார்த்தோம். அவர் வர மறுத்துவிட்டார். தாம் போய்விட்டால் பின்வரும் பெண்களுக்கு அந்தச் சபையின் கதவு என்றைக்கும் திறவாது என்று சொல்லியனுப்பினார். அப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டா தக்கார் இல்லை என்று மலை கடந்து ஓலை விடுகிறீர்கள்?

ஆதலால் பல்லக்கு வெறுமையாய்த் திரும்புகிறது. பக்கத்துத் தெருவில் இருக்கும் மருத்துவர் அம்மாவை விட்டுவிட்டு நம்மை எதற்கு மலையேற விட்டார்கள் என்று அதைச் சுமப்போர் முணுமுணுத்தது நம் செவிக்கும் எட்டியது. அவர்களிடம் சொல்லிவிட்டோம்: அரண்மனை முற்றத்திலும் சபை வாசலிலும் இறக்காமல், நங்கையார் நோயாளரைப் பார்க்கும் கூடத்து வாயிலில் இறக்க வேண்டும். அவர் ஏறி அமர்ந்தபின் சபை மண்டபத்துத் தலைமை இருக்கை வரையில் நீர் உடன் நடந்து செல்க. இது உம் தந்தையுடன் பிறந்தவளின் ஆணை.

வேங்கைப்பூ முத்திரை பொறித்து, நம் கையால் கட்டி விடுத்தோம். பட்டு கசங்கவில்லை, பார்த்துக்கொள்க. அதில் இன்னும் ஒருவரும் அமரவில்லை.