புதுப் பூட்டு

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலம். நீயும் நலமாக இருப்பதாகச் சுவரெல்லாம் சொல்கிறது. பஸ் நிறுத்தத்திலிருந்து என் அறை வருவதற்குள் பதினேழு போஸ்டரில் சிரிக்கிறாய். 'காற்றையே வேலை வாங்கியவர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். காற்றை மட்டும்தானா என்று எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதே. காற்றாலைக் கம்பெனித் தலைவர் தேர்தலில் நின்றால், அங்கே கிரீஸ் பூசுகிறவர்கள் இதுகூடப் பேசக் கூடாதா?

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவனுக்கு வலது கையை மணிக்கட்டுக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். ஆறு வருடமாக என்னோடு காற்றாலைக் கோபுரம் ஏறியவன். ஸ்பூனால் ஊட்டினேன். "கழுத்து இவ்ளோ நீளம், உள்ள போக நேரமாகும், அவசரப்படுத்தாத" என்றான். சிரித்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். நீ பிரச்சாரப் படம் எடுக்க வந்த அன்று, மேலே ஏறும் முன் கீழே சுவிட்சில் என் பூட்டை மாட்டினேன். மேலே ஆள் இருக்கும்போது யாரும் சுவிட்சைப் போட்டுவிடாமலிருக்க ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு, அதில் அவரவர் முகப் படம், மாட்டியவரே கழற்ற வேண்டும். உன் கம்பெனி விதிதான். ஒட்டகம் தன் பூட்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தான். "என்னோடது போதும், ஏறுடா" என்றேன். அது தப்பு. பிறகு நீ கூப்பிட்டதாகச் சொன்னார்கள், அவனை மேலே விட்டு நான் மட்டும் இறங்கினேன். அது அதைவிடத் தப்பு. நீ என்னைப் பார்த்ததும், "மூஞ்சியெல்லாம் கிரீஸ், கழுவிட்டு வா, சேர்ந்து நிக்கலாம்" என்றாய்.

முகத்தில் சோப்பு இருக்கும்போதே இறக்கைகள் சுற்றும் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். மேலே இயந்திரத்தில் கை சிக்கி ஒட்டகம் கத்திக்கொண்டிருந்தான். சுவிட்சில் பூட்டு இல்லை. கேமராவுக்காக நீதான் சுவிட்சைப் போட்டாய் என்றாலும் உன்மேல் குறையில்லை. பூட்டில்லாத சுவிட்சை யாரும் போடலாம். ஆனால் என் பூட்டு எங்கே? பையில் இல்லை, தரையில் இல்லை. மாட்டியதாக நினைத்துக்கொண்டு மாட்டாமலே ஏறிவிட்டேனா? பன்னிரண்டு நாளாக இதே கேள்வி. சாப்பாடு இறங்கவில்லை.

இந்த லட்சணத்தில் இன்று உன் அலுவலகத்திலிருந்து ஒரு பார்சல். உள்ளே புத்தம்புதுச் சிவப்புப் பூட்டு. நன்றி அண்ணா. ஆனால் என் பூட்டு தொலைந்தது உனக்கு எப்படித் தெரியும்?

உன்
வாலு

*

மார்ச் 7

அன்பு வாலு,

ஒரு நாளைக்கு நாலு கூட்டம். தொண்டை போய்விட்டது. அதற்கு நடுவிலும் உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் ஒழுங்காகச் சாப்பிடு.

பூட்டெல்லாம் பெரிய விஷயமில்லை. எல்லோருக்கும் புதுச் சாமான் அனுப்பச் சொல்லியிருந்தேன், உனக்கும் வந்திருக்கும்.

வியாழக்கிழமை விபத்து விசாரணை. ஒட்டகத்தின் பூட்டு அங்கே இல்லை என்பதுதான் அறிக்கையில் இருக்கிறது. அது உண்மைதானே? உன் பூட்டைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை, நீயாக இழுத்து விடாதே. தேர்தலுக்கு மூன்று வாரம்தான். நான் ஜெயித்தால் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் நல்லது.

பாசத்துடன்
அண்ணன்

*

மார்ச் 10

அண்ணா,

எல்லோரையும் கேட்டுவிட்டேன். வேறு யாருக்கும் பார்சல் வரவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. உன் உதவியாளர் கையெழுத்து. 'தலைவர் சொன்னபடி, தங்கைக்கு, வெட்டிய பூட்டுக்குப் பதில்.' நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். வார்த்தை மாறவில்லை.

சீட்டை எடுத்துக்கொண்டு, அன்று சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற மேற்பார்வையாளரிடம் போனேன். அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"என்ன ஏம்மா கேக்குற? யாரு பூட்டுன்னு உங்கண்ணன் கேட்டாரு. படத்தப் பாத்துட்டு அவரே சிரிச்சாரு. சாவி அதுகிட்ட இருக்கு, முகம் கழுவப் போயிருக்கு, அஞ்சு நிமிஷம் சார்னேன். காத்து நின்னுடும், கேமராக்காரங்க கெளம்பணும்னாரு. 'என் தங்கச்சி பூட்டுதானே, வெட்டுங்க. நான் புதுசு வாங்கித் தரேன்'னாரு. வெட்டினேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கும்மா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய் அண்ணா. வாங்கித் தந்துவிட்டாய்.

இத்தனை நாள் என் கையை நானே சந்தேகப்பட்டேன். நான் எழுதிய பிறகும் 'சாப்பிடு' என்று பதில் போட்டாயே, எப்படி முடிந்தது?

வாலு

*

மார்ச் 12

வாலு,

சரி. வெட்டச் சொன்னது நான்தான்.

ஆனால் நீயே யோசி. மாட்டியவர் யாரென்று தெரியத்தானே பூட்டில் முகம் வைத்திருக்கிறோம்? முகம் உன்னுடையது. நீ கீழே என் கண்முன் நின்றாய். அப்படியானால் மேலே யாருமில்லை என்றுதான் நினைத்தேன். உன் பூட்டை நம்பி இன்னொருவனை ஏற்றியது நானா? அவனை விட்டுவிட்டு இறங்கியது நானா?

நாளை நீ வாயைத் திறந்தால் முதலில் போவது உன் வேலை. பிறகுதான் என் தேர்தல். சும்மா இருந்தால் இரண்டும் பிழைக்கும். கெஞ்சித்தான் கேட்கிறேன். ஆளிடம் கொடுத்தனுப்பும் இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

அண்ணன்

*

மார்ச் 15

அண்ணா,

கிழிக்கவில்லை. விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன்.

முதலில் என் தப்பைத்தான் சொன்னேன், இரண்டையும். எழுதிக்கொண்டார்கள். வேலை போய்விட்டது. மேற்பார்வையாளர் வெட்டிய பூட்டைக் குப்பையில் போடாமல் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தார். கொண்டுவந்து அதிகாரியின் முன்னால் வைத்தார். என் முகம் நடுவில் கீறியிருந்தது. அவனாகத்தான் கையைக் கெடுத்துக்கொண்டான் என்று இனி எவனும் ஒட்டகத்தைச் சொல்ல முடியாது. அவனிடமும் போய் எல்லாம் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊட்ட விடவில்லை. நியாயம்தான்.

நீ கேட்ட கேள்வி சரி. முகம் என்னுடையது, நான் கீழே நின்றேன், மேலே யாருமில்லை என்று நினைத்தாய். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிகாரி கேட்டது வேறு கேள்வி. "உங்க அண்ணன் ஏம்மா உங்களக் கூப்பிடல?" என்றார்.

நேற்று போய் நடந்து பார்த்தேன். சுவிட்சிலிருந்து முகம் கழுவும் குழாய்க்கு நாற்பது அடி. அன்று சாவி என் கழுத்தில்தான் இருந்தது. சின்ன வயதில் தெருமுனையில் நின்று நீ 'வாலு' என்று ஒரு குரல் கொடுத்தால், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வருவேன்.

புதுப் பூட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதன் கண்ணாடித்தாள் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

தங்கை