மாப் என்றொரு சொல்

இன்று காலை நோட்டரி அலுவலகத்துக்கு ஒரு வழக்குக் காகிதம் தமிழாக்கத்துக்கு வந்தது. இரண்டாம் வரியிலேயே 'மாப்' (mob) என்ற இங்கிலீஷ் வார்த்தை. 'கும்பல்' என்று அடித்தேன், அழித்தேன். 'கூட்டம்' என்று போட்டேன், அதையும் அழித்தேன். பக்கத்து நாற்காலியில் நீ இருந்தால் கேட்டிருப்பேன். சிறுநீரகம் கெட்டு நீ போய் ஒரு வருஷமாகிறது.

பத்து வருஷம் அடுத்தடுத்து உட்கார்ந்து பத்திரங்களை மொழிபெயர்த்தோம். எனக்கு அர்த்தம் கிடைத்தால் போதும். உனக்கு வேர்வரை போக வேண்டும். முன்பொரு முறை இதே சொல் வந்தபோதும் அப்படித்தான்.

"லத்தீன்ல ரெண்டு வார்த்தை ஏளா. சட்டுனு மனசு மாறுற ஜனம்னு அர்த்தம். இங்கிலீஷ்காரன் வெட்டி வெட்டி மூணு எழுத்தாக்கிட்டான். நம்ம கையில கிடக்க மொபைலுக்கும் அதே வேர்தான், பாத்துக்கோ" என்று சிரித்தாய்.

அந்த வாரம்தான் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக எல்லார் மொபைலிலும் செய்தி சுற்றியது. சாயங்காலம் மாப்பிள்ளையூரணி விலக்கில் பஸ்ஸுக்கு நின்றோம். உப்பளத்தில் வேலை பார்க்கும் வடக்கத்தி ஆள் ஒருவன், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் மொபைலை நீட்டி வழி கேட்டான். "ஏலே, பிடிங்கலே அவன!" என்று எவனோ கத்தினான். அவ்வளவுதான். தினமும் நம்மிடம் நலம் விசாரித்து டீ தரும் அண்ணாச்சி விறகுக்கட்டையோடு ஓடினார்.

உன் பையை என் கையில் திணித்துவிட்டு நீ உள்ளே பாய்ந்தாய். "அடிக்காதீங்க அண்ணாச்சி! வழிதான கேட்டான்!" உன் குரல் கேட்டது, பிறகு கேட்கவில்லை. எனக்குப் பின்னாலும் ஆட்கள் நெருங்கிவிட்டார்கள். முன்னால் போகப் பயம். பின்னால் போக வழியில்லை. இரண்டு பைகளையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன்.

போலீஸ் வந்தபோது அவன்மேல் குப்புறக் கிடந்தாய். ஒரு கண்ணை இழந்து அவன் பிழைத்தான். உனக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "எத்தன பேரும்மா இருந்தாங்க?"

நீ கண்ணை மூடி யோசித்தாய். "சும்மா நின்னவங்களையும் சேத்தா?"

"சேத்துதான்."

"நாப்பது பேர் இருக்கும் சார்."

கட்டில் ஓரத்தில் உனக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் எத்தனையோ மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டோம். நீ ஒரு வார்த்தை என்னைக் கேட்டதில்லை. அந்த நாற்பதில் என்னையும் எண்ணினாயா என்று கேட்க, கடைசிவரை எனக்கும் வாய் வரவில்லை.