வாசல் பூட்டுக்கு உரிமையாளர்

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. வாங்க வேண்டியது: கொசுவத்தி, இஞ்சி, கொடுவா மீன் கிடைத்தால் அரை கிலோ.

கடைக்குப் போய் வந்து செருப்பைக் கழற்றவில்லை, துபாயிலிருந்து மச்சானின் போன். கட்டிய கணவர்தான், காவல்காரர் இல்லை.

“எங்க போன? கதவு தொறந்துச்சே.”

“இஞ்சி வாங்க, மச்சான்.”

“போன் பண்ணா கடைக்காரனே கொண்டாந்து தருவானே.”

பூட்டு, வாசல் கேமரா, கூடத்து விளக்கு. போன விடுமுறையில் அவர் கொண்டுவந்து மாட்டியவை. எல்லாம் போன் செயலியில், அவர் கணக்கில். எதிர்வீட்டுக்காரி, “குடுத்து வச்சவ நீ” என்கிறாள்.

நவ. 5

வீடு என் பெயரில். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்தின்போது என்னைப் பெற்ற அத்தா எனக்கு எழுதிவைத்தது. மாப்பிள்ளைதான் இங்கே வந்து இருப்பது. பத்திரத்தில் நான். என் போனில் பூட்டின் செயலியைத் திறந்து பார்த்தேன். உரிமையாளர்: அவர். விருந்தினர்: நான். முதலில் சிரிப்பு. அப்புறம் அழுகை, வெகுநேரம்.

ஒரே ஒரு நாள், அவருக்குத் தெரியாமல் என் கதவை நான் திறக்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

நவ. 7, வெள்ளி

வெயில். மெத்தையைக் காயப்போட்டேன். அண்ணனிடம் சொன்னேன், பூட்டை மாற்றலாமா என்று.

“பாதுகாப்புக்குத்தானேம்மா செய்றாரு. இதப் போயி பெருசு பண்ணாத.”



மன்னார்குடியில் இந்த மாதிரிப் பூட்டு விற்கும் கடைக்காரருக்கு நானே போன். “உள்பக்கம் சின்ன ஓட்டை இருக்குங்க. ஊசியால அழுத்தினா பழைய கணக்கு போயிடும். அப்புறம் உங்க கணக்குல சேத்துக்குங்க.”

நவ. 8

அவர் வேலையில் இருக்கும் நேரம். ஊசி. ஓட்டைக்குள் விட்டு அழுத்தினேன். பூட்டு கீச்சென்று கத்தி அடங்கியது. இப்போது யாருடையதும் இல்லை. டீ போட்டு உட்கார்ந்து குடித்தேன். ருசி தெரிந்தது.

பிறகு என் கணக்கில் சேர்க்கப் போனேன். நான்தானா என்று உறுதி செய்ய வேண்டுமாம், கணக்கிலுள்ள போன் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியாயிற்றாம். காத்திருந்தேன். என் போனில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணக்கையும் எனக்குத் திறந்து கொடுத்தது அவர்தான், தன் எண்ணைப் போட்டு.

போன் அடித்தது. குரலில் கோபமே இல்லை.

“ஒரு நம்பர் வந்திருக்கு. சொல்லட்டுமா?”