பழைய பாடத்திட்டத்துக்காரி

போடி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

மஸ்கட்டில் கர்த்தர் நிழலில் சுகமாக இருக்கும் என் அண்ணன் வினோத்ராஜுக்கு, ஏலக்காய் வாசம் போகாத கையால் உன் தங்கை ஜெபராணி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். உண்மை நிலவரம் கீழே வருகிறது. உட்கார்ந்து படி.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். போனில் நான் காலேஜ் என்று வாயெடுத்தால் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அம்மா கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அதே மஸ்கட்டில் சிக்னல் கணீரென்று கிடைக்கிறது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக் கடை அழகுமலை மாமாவின் மருமகன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே வழக்கம்போல ஒரு பொட்டலம் ஏலக்காய். நம் வீட்டில் வெறுங்கையோடு எதையும் அனுப்புவதில்லையே. அந்த வழக்கம் இந்த ஆடியில் என்னை என்ன பாடு படுத்தியது என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அப்பா. முன்னைக்கு இப்போது தேவலை. காலையில் நானும் அவரும்தான் கடை திறக்கிறோம். வலது கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. இடது கையால் காயைத் தட்டில் பரப்பி, ஒன்றை உடைத்து முகர்ந்து பார்ப்பார். தலையாட்டினால் வாங்கலாம், முகம் சுளித்தால் வேண்டாம். பேச்சுதான் குழறுகிறது. விலை பேசுவது, எடை பார்ப்பது, மலை மேட்டிலிருந்து ஜீப்பில் காய் இறக்கும் தோட்டக்காரர்களோடு அரை மலையாளத்தில் மல்லுக்கட்டுவது எல்லாம் நான். என்னை "மோளே, மோளே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஈரம் காயாத காயைத் தள்ளிவிடப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் "சேட்டா, சேட்டா" என்று சொல்லிக்கொண்டே மூட்டையைத் திரும்ப ஏற்றி அனுப்புகிறேன்.

இப்போது காலேஜ். நான் இரண்டாம் வருஷம் படித்தபோதே எனக்கு அடுத்த செட்டுக்குப் பல்கலைக்கழகம் புதுப் பாடத்திட்டம் கொண்டுவந்துவிட்டது. அது அவர்கள் தலைவலி என்று நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் அப்பா பக்கவாதம் வந்து கடையிலேயே சாய்ந்தார், நான் காலேஜை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தேன். என் செட் பிள்ளைகள் பழைய பாடத்திலேயே எழுதி டிகிரி வாங்கிப் போய்விட்டார்கள். ஒரு வருஷம் கழித்து இந்த ஜூனில் நான் திரும்பப் போனால், மூன்றாம் வருஷ வகுப்பில் இருப்பதெல்லாம் புதுப் பாடத்திட்டத்துப் பிள்ளைகள். நடுவில் பழைய பாடத்திட்டத்துக்காரி நான் ஒருத்தி, கல்யாண வீட்டில் தேதி தப்பி வந்த விருந்தாளி மாதிரி.

ஆபீஸில் சூப்பிரண்டு ஒச்சாண்டி சார் என் மார்க் பட்டியலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழைய சிலபஸ் முடிஞ்சு போச்சும்மா. புதுசுல ரெண்டாம் வருசத்துல உக்காந்து, இந்தப் பிள்ளைக எழுதுன கூடுதல் பேப்பர் பூராத்தையும் எழுதிட்டு மேல வா. முடியலையா, டி.சி.யை வாங்கிட்டுப் போ" என்றார். நான் ஏற்கெனவே பாஸ் பண்ணியதெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். அது பழைய கதை என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எங்கள் கடையில் காய் இறங்கிய அன்றைக்குப் பேசிய விலைதான் சார் விலை, மறுநாள் மார்க்கெட் ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது, என்னைச் சேர்த்த அன்றைக்கு என்ன பேசினீர்களோ அதைத்தான் நான் கேட்கிறேன் என்றேன். "இது காலேஜு, கமிஷன் கடையில்ல" என்றார். ஆபீஸே சிரித்தது. நான் டி.சி. வாங்காமல் வெளியே வந்தேன்.

எங்கள் கணிதத் துறைத் தலைவி லூர்து மேரி மேடம் பயந்த சுபாவம். பிரின்சிபால் அறைக்குள் போகும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அவர்தான் என்னை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டுபோய், பல்கலைக்கழகம் இடைக்கால விதிகள் என்று தனியாகப் போட்டிருக்கிறது, அதைப் படித்தாயா என்று கேட்டார். படித்தேன் அண்ணே, கடையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். பழைய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்கள், தக்க காரணத்தால் நடுவில் நின்றிருந்தால், பழையதிலேயே முடிக்கலாம். பழைய பாடத்துக்கு இணையான பாடம் புதியதில் இருந்தால் அந்த வகுப்பில் உட்கார்ந்து அதை எழுதலாம். இணையே இல்லாத பாடத்துக்குப் பழைய கேள்வித்தாள் தனியாகத் தருவார்கள். உதாரணத்துக்கு இயக்கவியல். அதைத் தூக்கிவிட்டுப் புதுப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் பாடமாக பைத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு பைத்தானும் வேண்டாம், கட்டுவிரியனும் வேண்டாம், நான் பாதி படித்த இயக்கவியல் போதும்.

ஆனால் இதற்குப் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். காலேஜ் மனுவை அனுப்பாமல் இழுத்தடித்தது. லூர்து மேரி மேடம் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறினோம். அங்கே தேர்வுப் பிரிவில் இருந்த பெண் அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார், உட்காரக்கூடச் சொன்னார். மனுவை வாங்கிப் பாதி படித்திருப்பார். அதற்குள் நம் அம்மா பையைத் திறந்து, முதல் தரக் காயாகப் பார்த்துக் கட்டிய பொட்டலத்தை மேஜை மேல், மனுவுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

பிறகு கேட்க வேண்டுமா. அந்த அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். எனக்கே லஞ்சமா, யாரிடம் என்ன செய்கிறீர்கள் என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சத்தம். மனு என் பக்கமாகத் திரும்பி வந்தது. அம்மாவுக்கு என்ன தப்பு நடந்தது என்றே விளங்கவில்லை. பஸ்ஸில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவளும் சளைக்கவில்லை. "வெறுங்கையோட ஒருத்தர் எடத்துக்குப் போவாகளாடி? டாக்டர் வீட்டுக்குக் கொண்டு போகலையா, போதகர் ஐயா வீட்டுக்குக் கொண்டு போகலையா? அவுகல்லாம் லஞ்சம்னா சொன்னாக?" என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தை மடியில் வைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போடி வரும்வரை திரும்பவில்லை. அவளைத் திட்டியதற்கு எனக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் நீ போன் பண்ணினாய். பல்கலைக்கழகத்திலேயே வேண்டாம் என்று காட்டிவிட்டார்கள், இத்தோடு விடு என்றாய். கடையை அழகுமலை மாமாவுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம், உத்தமபாளையத்து மாப்பிள்ளை வீட்டில் பெண் டிகிரி முடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள் என்றாய். அவர்களுக்குப் பரவாயில்லை, எனக்குப் பரவாயிருக்கிறது. இதைச் சொல்ல வாய் திறந்தேன், உன் சிக்னல் போய்விட்டது.

மறுபடி போனேன், இந்த முறை தனியாக. கையில் மனுவும் விதியும் மட்டும். காய்ப் பொட்டலம் இல்லாமல் ஓரிடத்துக்குப் போவது செருப்பில்லாமல் தெருவில் இறங்கியது மாதிரி இருந்தது. அந்த அதிகாரி என்னைப் பார்த்ததும் முதலில் என் கையைத்தான் பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அன்றைக்கு என் அம்மா வைத்தது எங்கள் ஊர் மரியாதை, அது லஞ்சம் என்று நீங்கள் நினைத்தால் என் மேல் புகார் எழுதுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் இந்த மனுவுக்குப் பதிலை விதியைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். அவர் மனுவை வாங்கி, விதியோடு சேர்த்து வைத்து முழுசாகப் படித்தார்.

அந்த ஒரு வருஷம் ஏன் வரவில்லை என்று கேட்டார். அப்பாவுக்குப் பக்கவாதம், கடையைப் பார்க்க ஆளில்லை என்றேன். வீட்டில் வேறு பிள்ளைகளே இல்லையா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். அண்ணே, அந்த அறையில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அண்ணன் இருந்தும் வரவில்லை என்று சொல்லி உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லாமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். நீ எப்படி எடுத்துக்கொண்டாலும் சரி.

அனுமதி வந்துவிட்டது. ஒச்சாண்டி சார் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரிம்மா, வகுப்புக்குப் போ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் அவ்வளவுதான் எதிர்பார்த்தேன்.

ஆனால் இதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. பழைய கேள்வித்தாள் இந்த நவம்பருக்கும் வருகிற ஏப்ரலுக்கும்தான். அதற்குப் பிறகு பழைய பாடத்திட்டம் என்ற ஒன்றே கிடையாது. எதையாவது எழுதாமல் விட்டாலோ, எழுதித் தவறிவிட்டாலோ, ஒச்சாண்டி சார் சொன்னதுபோல இரண்டாம் வருஷத்தில் போய் உட்கார வேண்டியதுதான். நான் பாஸ் பண்ணியதெல்லாம் அத்தோடு போகும்.

நவம்பர் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். காய் மலையிலிருந்து அலையலையாக இறங்கும் மாதம். கடை ஒரு நாள் பூட்டிக் கிடந்தால் ஜீப் பக்கத்துக் கடையில் நிற்கும், அப்புறம் அங்கேயே நிற்கப் பழகிவிடும். இப்போதே காலை வகுப்பு, மத்தியானம் கடை என்று ஓடுகிறேன். வகுப்பு நேரத்தில் அம்மா பார்த்துக்கொள்கிறாள், ஆனால் அவளை ஏமாற்றுவது மேட்டுக்காரர்களுக்குச் சுலபம். பரீட்சை நாளில் என்னால் இரண்டு இடத்தில் இருக்க முடியாது.

அதனால் நீ வா. நவம்பர் முழுக்க லீவு போட்டுக்கொண்டு வந்து கடையில் உட்கார். முடிந்தால் ஏப்ரலுக்கும் வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே, அழகுமலை மாமாவின் மருமகன் மச்சினி கல்யாணத்துக்கே வந்துவிட்டுப் போகிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுதுகொண்டு நின்றபோது நீ போனில் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "இந்த ஒரு சீசன் மட்டும் நீ பாத்துக்க ராணி, அடுத்த சீசனுக்கு நான் வந்து உக்காந்துருவேன்" என்றாய். உன்னிடம் நான் எழுதி வாங்கவில்லை. காய் இறக்கும்போது அப்பாவும் யாரிடமும் எழுதி வாங்கியதில்லை. மறுநாள் பேச்சை மாற்றியவனை மட்டும் இரண்டாம் முறை கடைப் படி ஏற விடமாட்டார். உனக்கும் அது தெரியும். நீ சின்ன வயசிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்.

நீ வராவிட்டால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை நாளில் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போவேன். ஜீப் எங்கே நின்றாலும் நிற்கட்டும். இதை வீட்டில் சொன்னபோது அம்மா அழுதாள். தாத்தா காலத்துக் கடையடி, சீசனில் பூட்டினால் ஊர் என்ன சொல்லும் என்றாள். அப்பா இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "போ" என்றார். குழறாமல் சொன்னார்.

கல்யாணம் பற்றி உத்தமபாளையத்தாருக்கு நீயே பதில் சொல்லிவிடு. பெண் பரீட்சை எழுதுகிறாள், மே மாதத்துக்குப் பிறகு அவளிடமே கேளுங்கள் என்று சொல். அதற்கு முன்னால் யாரும் பெண் பார்க்க வந்தால் கடையில்தான் பார்க்க வேண்டியிருக்கும், காய் புடைக்கும் தூசியோடு.

கர்த்தர் உன்னை வெயிலிலும் காற்றிலும் பத்திரமாக வைத்திருக்கட்டும். அங்கே நீ நன்றாயிருக்க வேண்டும் என்று அம்மா தினமும் ஜெபிக்கிறாள். நான் நீ வர வேண்டும் என்று மட்டும் ஜெபிக்கிறேன். வந்துவிடு அண்ணே.

உன் தங்கை,
ஜெ. ஜெபராணி
பி.எஸ்ஸி. கணிதம், மூன்றாம் ஆண்டு,
பழைய பாடத்திட்டம்